குறைந்த விலையில் மல்டிடூல்: முதலில் பிளையரைப் பாருங்கள்

தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு மல்டிடூல், அதாவது பிளையர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவி வேண்டும். பார்சல் பிரிப்பது, லூசான ஸ்க்ரூவை முறுக்குவது, எப்போதாவது சைக்கிளில் கை வைப்பது, இவ்வளவுதான் வேலை. அதிகம் செலவழிக்க முடியாது. '24 வேலை செய்யும்' என்று போட்டு ஒன்று மலிவாக வருகிறது, அதை வாங்கலாமா? இதுதான் உங்கள் கேள்வி. அடிக்கடி விமானத்தில் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த 24-ஐ வாங்காதீர்கள். அதே காசுக்கு ஏழெட்டு வேலை மட்டும் செய்கிற ஒன்றைத் தேடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் நாளைக்கு எந்தப் புது மாடல் வந்தாலும் யாரையும் கேட்காமல் நீங்களே எடை போட்டுவிடலாம்.

முதலில் அந்த 24 எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரே பிளையரின் வாய் முனையை நோஸ் பிளையர் என்று ஒன்றாகவும், நடுவில் பல் போட்ட இடத்தை சாதாரண பிளையர் என்று இன்னொன்றாகவும், அடியில் இருக்கும் வெட்டும் இடத்தை வயர் கட்டர், ஹார்ட் வயர் கட்டர் என்று இரண்டாகவும் எண்ணுவார்கள். ஒரு பிளையர் நான்காகிவிட்டது. ஃபிளாட் ஸ்க்ரூடிரைவரில் சின்னது, நடுத்தரம், பெரியது. அரத்தின் ஓரத்தில் கோடு கிழித்தால் அது ஸ்கேல். கூடக் கொடுக்கும் பிட்டுகளையும் (ஸ்க்ரூடிரைவரில் மாற்றி மாற்றிப் போடும் முனைகள்) ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்ப்பார்கள். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் உண்மையில் பத்துக்கு மேல் தேறாது.

எண்ணிக்கை கூடுவதால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நஷ்டமும் உண்டு. கைப்பிடியின் அகலம் மாறுவதில்லை. அதற்குள் நான்கு தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு தகட்டைத் திணித்தால் ஒவ்வொன்றும் மெலிந்துதான் ஆக வேண்டும். ஒன்றை நகத்தால் இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வரும். விலை குறைந்த கருவியில் இரும்புக்கும் உழைப்புக்கும் ஒதுக்குகிற காசு கொஞ்சம்தான். அதை 24 பங்கு போட்டால் எதற்கும் போதாது.

நான் வாங்கிய முதல் மல்டிடூல் அப்படிப்பட்டதுதான். பெட்டியைப் பிரித்தபோது பளபளவென்று இருந்தது. இரண்டாவது மாதம் ஒரு குழாயின் நட்டை இறுக்கும்போது, பாதிச் சுற்றிலேயே பிளையரின் இரண்டு தாடையும் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு பக்கவாட்டில் நழுவின. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒரு முனை 'டக்' என்று ஒடிந்து விழுந்தது. ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல மணல் மணலாக இருந்தது. அடித்து உருவாக்கி, நன்றாகப் பதம் ஏற்றிய இரும்பு அப்படி ஒடியாது. முதலில் வளைந்து கொடுக்கும். ஒடிந்தாலும் உள்ளே நெருக்கமாக, நயமாகத்தான் தெரியும். நான் காசு கொடுத்து வாங்கியது அவசரத்தில் வார்த்தெடுத்த, பூச்சு மட்டும் பளபளத்த ஒரு பொருள் என்று அன்றுதான் புரிந்தது. அதற்குப் பிறகு எந்த மல்டிடூலைக் கையில் எடுத்தாலும் முதலில் பிளையரைத்தான் பார்க்கிறேன்.

மல்டிடூல் என்ற பொருளே பிளையருக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரரான டிம் லெதர்மேன் 1975-ல் பழைய ஃபியட் கார் ஒன்றில் மனைவியோடு ஐரோப்பா, மத்தியக் கிழக்கு நாடுகளைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது, தங்கிய விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. கையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது, அதில் பிளையர் இல்லை. மடக்குக் கத்திக்குள் ஒரு பிளையரைக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பியவருக்கு, அதை ஒரு பொருளாக விற்பனைக்குக் கொண்டுவர 1983 வரை ஆனது. மற்ற எல்லாம் அந்தப் பிளையரைச் சுற்றி அடுக்கியவை. ஆகவே பிளையர் சரியில்லாத மல்டிடூல் கனமான ஒரு கத்திதான்.

பிளையர் நல்லதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு ஜன்னல் போதும். வாயை மெதுவாக மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு முனைகளும் சரியாகத் தொட வேண்டும். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, அழுத்தினால் மூடிக்கொள்ளும். முனை சேராமல் நடு மட்டும் சேர்ந்தால் அந்தப் பிளையரால் முள்ளையோ நூலையோ பிடித்து இழுக்க முடியாது. அடுத்து, ஒரு தாளை முனையில் கவ்வி இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் கிழிய வேண்டும். அப்புறம் பாதி திறந்த நிலையில் ஒரு தாடையை இடது கையிலும் இன்னொன்றை வலது கையிலும் பிடித்து, மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். திறந்து மூடும் திசையில் எளிதாக நகர வேண்டும், பக்கவாட்டில் ஆட்டமே இருக்கக் கூடாது. புதிதாக இருக்கும்போதே ஆட்டம் கொடுத்தால் ஆறு மாதத்தில் என் முதல் கருவியின் கதிதான். மூட்டில் ரிவெட் அடித்திருக்கிறார்களா, ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். ஸ்க்ரூ என்றால் பின்னால் லூசானாலும் நீங்களே இறுக்கிக்கொள்ளலாம். மலிவு விலையில் இது பெரிய வசதி.

அதோடு கைப்பிடியையும் பாருங்கள். பிளையரை விரித்து நன்றாக அழுத்துங்கள். தகட்டை மடித்துச் செய்த கைப்பிடியாக இருந்து, அதன் விளிம்பு வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தால் உள்ளங்கையை அறுக்கும். லெதர்மேனின் முதல் மாடலிலேயே இந்தக் குறை இருந்தது. பிறகு வந்தவற்றில் விளிம்பை உருட்டிச் சரி செய்தார்கள். மலிவான நகல்கள் பல இன்னும் அந்தப் பழைய வடிவத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. கை வலித்தால் முழு பலத்தையும் கொடுக்க மாட்டீர்கள், அப்புறம் இரும்பு எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

வயர் கட்டரைப் பற்றி இரண்டு விஷயம். செம்புக் கம்பி, மெல்லிய கட்டுக் கம்பி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சைக்கிள் பிரேக் கேபிள், ஸ்பிரிங் கம்பி போன்றவற்றை வெட்டினால் வெட்டும் விளிம்பில் பள்ளம் விழும். விலை கூடிய மாடல்களில் அந்த விளிம்பை மட்டும் கழற்றி மாற்றும்படி செய்திருப்பார்கள், உங்கள் விலையில் பெரும்பாலும் அது இருக்காது. இன்னொன்று, தயவுசெய்து மறக்காதீர்கள்: மல்டிடூலின் கைப்பிடி முழுக்க உலோகம். கரண்ட் வேலைக்கு வைத்திருக்கும் கட்டிங் பிளையரில் இருப்பது போன்ற உறை இதில் கிடையாது. சுவிட்ச் போர்டைத் தொடுவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்தும் பார்த்துவிடுங்கள். கைப்பிடியில் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தாலும் அது அழகுக்குத்தான், அதை நம்பக் கூடாது.

சரி, ஸ்க்ரூடிரைவருக்கு வருவோம். நாம் அன்றாடம் சந்திக்கும் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை ஸ்டார் தலை கொண்டவை. மல்டிடூலில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இரண்டு விதமாக வரும். ஒன்று நான்கு சிறகும் முழுதாக உள்ள உருண்டையான தண்டு. இன்னொன்று, தகட்டின் நுனியை மட்டும் ஸ்டார் வடிவத்துக்குச் சீவிவிட்ட தட்டையான துண்டு. தட்டையானது கைப்பிடிக்குள் இடத்தை மிச்சப்படுத்தும் என்பதால் விலை குறைந்தவற்றில் அதுதான் அதிகம். லேசான ஸ்க்ரூவுக்குப் போதும். ஆனால் துருப்பிடித்து இறுகிய ஸ்க்ரூவில் நான்கு பள்ளத்தில் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பும், வழுக்கும், ஸ்க்ரூவின் தலையே மழுங்கிப் போகும். தலை மழுங்கிய ஸ்க்ரூவைக் கழற்றுவது எவ்வளவு பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். விற்பனைப் படத்தில் இது எந்த விதம் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டுப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

பிட் மாற்றும் வசதி இருந்தால் அது சாதாரண கால் அங்குல அறுகோண பிட்டை, அதாவது 6.35 மில்லிமீட்டர் பிட்டை ஏற்குமா என்று பாருங்கள். ஏற்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும் பிட்டைப் போட்டுக்கொள்ளலாம். நிறுவனத்தின் சொந்த வடிவமாக இருந்தால் ஒரு பிட் தொலைந்ததும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

கத்தியைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள். பார்சல் பிரிப்பதற்கும் கயிறு வெட்டுவதற்கும் உலகின் உயர்ந்த ஸ்டீல் தேவையில்லை. ஆனாலும் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் நல்லது. '3சிஆர்13' என்பது சீனப் பெயரிடல். முன்னால் உள்ள 3 என்றால் கார்பன் சுமார் 0.3 சதவீதம், பின்னால் உள்ள 13 என்றால் குரோமியம் சுமார் 13 சதவீதம். '5சிஆர்15' என்று தொடங்கினால் கார்பன் 0.5-ஐ ஒட்டி இருக்கும். லெதர்மேன், கெர்பர் போன்ற மல்டிடூல் நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் 420எச்சி-யும் ஏறக்குறைய இந்த அளவுதான். 440சி-யில் 1 சதவீதத்தை ஒட்டி வரும். கார்பன் கூடக் கூட இரும்பைக் கடினமாக்க முடியும், தீட்டிய கூர்மை அதிக நாள் நிற்கும். உங்கள் வேலைக்கு 5சிஆர்15, 420எச்சி இரண்டில் எது இருந்தாலும் தாராளம். 3சிஆர்13 என்றாலும் பாதகமில்லை, அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்றோ மட்டும் போட்டிருந்தால் அது எந்த இரும்பு என்று சொல்ல விற்பவருக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீலைவிட முக்கியமானது, விரித்த கத்தி விரித்தபடியே நிற்கிறதா என்பது. பூட்டு உள்ள கத்தி என்றால் விரித்து, அதன் முதுகை மரத்தில் லேசாகத் தட்டிப் பாருங்கள், விரல்கள் மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு. மடங்கிவிட்டால் அதைத் திருப்பி அனுப்புங்கள். ஏமாற்றும் பூட்டைவிடப் பூட்டே இல்லாத கத்தி மேல், ஏனென்றால் அது மடங்கும் என்று தெரிந்து கவனமாகப் பிடிப்போம். பூட்டு விஷயத்தில் சட்டமும் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்குள் இருக்கும், பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டும்தான் காரணம் சொல்லாமல் கூட வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கத்தரியை நிறைய பேர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் கத்தியைவிடக் கத்தரிக்குத்தான் வேலை அதிகம். துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் டேக், நகம், பிளாஸ்திரி. நாலு பேர் நடுவில் கத்தியை விரித்தால் முகம் சுளிப்பார்கள், கத்தரியை எடுத்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மலிவு மாடலில் கத்தரி இருந்தால் மெல்லிய நூல் ஒன்றை அதன் நுனியால் வெட்டிப் பாருங்கள். நூல் வெட்டுப்படாமல் இரண்டு இலைகளுக்கும் நடுவே மடிந்து நுழைந்தால் அது சும்மா கணக்குக் காட்ட வைத்த கத்தரி.

எடைதான் கடைசியில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முழு அளவு மல்டிடூல்கள் 200 முதல் 250 கிராம் வரை இருக்கும். லெதர்மேனின் வேவ் பிளஸ் என்ற மாடல் 241 கிராம். ஒரு செல்போனைவிட அதிகம். பெல்ட்டில் உறை போட்டு மாட்டுபவர்களுக்குச் சரி. பேன்ட் பாக்கெட்டில் போட்டால் முதல் வாரம் பெருமையாக இருக்கும், இரண்டாவது வாரம் பைக்குள் போகும், மூன்றாவது வாரம் மேஜை டிராயருக்குள். 150 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் பாக்கெட்டில் தங்கும். சாவிக்கொத்தில் மாட்டுவதென்றால் 60 கிராமைத் தாண்ட வேண்டாம். இதை நான் அடித்துச் சொல்கிறேன்: கூட இருக்கிற சின்னக் கருவி, வீட்டில் விட்டுவந்த பெரிய கருவியைவிட ஆயிரம் மடங்கு உதவும்.

அப்படியானால் எதை வாங்குவது? ஒரு வாரம் பொறுங்கள். இந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை எதைத் தேடி எழுந்தீர்கள் என்று போனில் குறித்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் கத்தி, கத்தரி, ஸ்க்ரூடிரைவர் என்று வந்து, பிளையர் ஒருமுறைகூட வரவில்லை என்றால், இவ்வளவு நேரம் பிளையர் புராணம் பாடிய நானே சொல்கிறேன், உங்களுக்கு மல்டிடூல் வேண்டாம். ஒரு சுவிஸ் கத்தி வாங்குங்கள். அதைச் செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனம் ராணுவ அதிகாரிகளுக்காக 1897-ல் பதிவு செய்த கத்தியின் அமைப்புதான் இன்றைக்கும். ஒரே ஸ்பிரிங்கை முன்பக்கத்துக்கும் முதுகுப் பக்கத்துக்கும் வேலை செய்ய வைத்தார்கள், அதனால்தான் இவ்வளவு மெலிதான கத்திக்குள் இவ்வளவு அடங்குகிறது. டிங்கர் என்ற மாடலில் கார்க் திருகிக்குப் பதிலாக நல்ல உருண்டையான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கத்தரிதான் முக்கியம் என்றால் 58 மில்லிமீட்டர் நீளமுள்ள கிளாசிக் போதும். சாவிக்கொத்தில் இருப்பதே தெரியாது. பிளையர் மல்டிடூலில் நல்லது வாங்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை மிகவும் குறைவு. மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் ஆயுள் உத்தரவாதமும் உண்டு.

பிளையர் வேண்டும், ஆனால் சின்னதாகப் போதும் என்றால் கெர்பர் டைம் பாருங்கள். 62 கிராம்தான், ஸ்பிரிங் வைத்த பிளையர், பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கவென்றே ஒரு குட்டி அலகும் உண்டு. பெரிய நட்டை அதில் முயலக் கூடாது. முழு அளவுதான் வேண்டும் என்றால் லெதர்மேனின் விலை குறைந்த வரிசையில் விங்மேன், சைட்கிக் இரண்டும் இருக்கின்றன. விங்மேனில் கத்தரி, சைட்கிக்கில் ரம்பம், மற்றபடி ஒட்டிப் பிறந்தவை. நீங்கள் சொன்ன வேலைகளுக்கு விங்மேன்தான். விலையை 25 வருட உத்தரவாதத்தால் வகுத்துப் பார்த்தால் அது உண்மையில் மலிவு. அதுவும் எட்டாது என்றால் நெக்ஸ்டூல், ராக்சன், கான்சோ போன்ற சீன நிறுவனங்களைத் தயங்காமல் பாருங்கள். கத்தி, கத்தரித் தொழிலுக்குப் பேர் போன யாங்ஜியாங் நகரத்தின் கைத்திறன் இன்று வெகுவாக முன்னேறியிருக்கிறது. பெயர் இல்லாத 24-ஐயும் இவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பெரிய பெயர் பொறித்த கருவி நம்ப முடியாத விலையில் வந்தால் மட்டும் விலகிவிடுங்கள், அது போலி. அதற்குப் பதிலாக யாராவது பயன்படுத்திய அசல் கருவியை வாங்கலாம். கைப்பிடியில் கீறல் இருந்தால் கவலை வேண்டாம், ஜன்னல் வெளிச்சச் சோதனையில் தேறினால் போதும்.

சைக்கிளைக் கேட்டிருந்தீர்கள். சைக்கிளுக்கு எந்த மல்டிடூலும் சரியான துணை இல்லை. இன்றைய சைக்கிள்களில் பெரும்பாலும் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீதான் (அறுகோணக் குழி உள்ள ஸ்க்ரூவைத் திருப்பும் வளைந்த கம்பி) வேண்டும். பிளையரால் நட்டைத் திருப்பினால் முனைகள் தேய்ந்து உருண்டையாகிவிடும், பிறகு ஸ்பேனரும் பிடிக்காது. இந்த மூன்று கீயையும் தனியாக வாங்கி சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பையில் போட்டுவிடுங்கள். செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது.

வாங்கி வந்ததும் எல்லாத் தகட்டையும் விரித்து ஒரு துணியால் துடைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். புதுக் கருவியில் தங்கியிருக்கும் இரும்புத்தூள் கறுப்பாக வெளியே வரும், அதைத் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு. முதலில் இறுக்கமாக இருந்தது இதிலேயே பாதி சரியாகிவிடும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் உப்புக்காற்றிலும் வியர்வையிலும் துரு வரும். நனைந்தால் அன்றைக்கே விரித்துக் காயவையுங்கள்.

விமானப் பயணத்துக்கு: பெரும்பாலான நாடுகளில் கத்தி உள்ள மல்டிடூலைக் கைப்பையில் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போடலாம். கத்தி இல்லாத மாடல்கள் இருக்கின்றன. அவற்றையும் அனுமதிப்பது சோதனை செய்பவரின் முடிவுதான். பெட்டியே இல்லாமல் கைப்பையோடு மட்டும் போகிற நாளில் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாவிக்கொத்தில் மாட்டியிருந்தால்தான் ஆபத்து, அது அங்கே இருப்பதே மறந்துவிடும். நல்ல குட்டிக் கருவி ஒன்றை நான் அப்படித்தான் சோதனை வரிசையில் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, இழுத்தால் கழன்று வருகிற கிளிப் ஒன்றில்தான் கருவியை மாட்டுகிறேன். பாஸ்போர்ட்டை எடுக்கும் கை முதலில் அந்தக் கிளிப்பைக் கழற்றி டிராயரில் போட்டுவிடும்.